‘ஏ’ போட்ட பதிவேடு

“பவித்ரா!”

“ஸ்தோத்திரம் அக்கா!”

“கார்த்திக்!”

“ஸ்தோத்திரம் அக்கா!”

காலை ஏழு மணிகூட ஆகவில்லை. வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்குப் பின்புறம், ஒரு கம்பெனியின் மதில் சுவரை ஒட்டிய சந்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஜெபக்கூடத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பள்ளிகளைப் பார்வையிட்டே வயதாகிப் போனவள் நான். வருகைப் பதிவு என்றால் “உள்ளேன் ஐயா”வும் “எஸ் மிஸ்”ஸும்தான் எனக்குத் தெரியும். பெயரைக் கூப்பிட்டதும் ஆண்டவருக்குத் துதி சொல்லும் பிள்ளைகளை அன்றுதான் பார்த்தேன். நெற்றியில் பட்டையாக விபூதி பூசியிருந்த கார்த்திக்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னான்.

உள்ளே பாய் விரித்து நாற்பது பிள்ளைகள் போல உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரம் பால்குடி மறந்த வயதில் இரண்டு வாண்டுகள் ஒரே போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தன. தேங்காய் எண்ணெய், முகப் பவுடர், டப்பாவில் அடைத்த சூடான இட்லி, எல்லாம் கலந்து ஒரு வாசனை. வாசலில் சின்னச் சின்னச் செருப்புகளைச் சோடி சோடியாக வரிசையில் வைத்திருந்தார்கள்.

என் கைப்பையில் ஒரு நோட்டீஸ் இருந்தது. ‘அங்கீகாரம் இன்றி இயங்கி வரும் தங்கள் பள்ளியை’ என்று தொடங்கும். பெயரையும் தேதியையும் நிரப்பிக் கையில் கொடுத்தால் என் வேலை முடிந்தது.

ஒரு வரியில் பதில்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் பள்ளிக் கழிப்பறைகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். ‘இத்தனை வருடம் வட்டாரக் கல்வி அலுவலராக இருந்தீர்கள். மதத்துக்காரர்கள் நடத்தும் பள்ளிகளில் அரசாங்கம் தலையிட வேண்டுமா, வேண்டாமா? வளவளவென்று எழுதாமல் ஒரு வரியில் சொல்லுங்கள்’ என்று கேட்டிருக்கிறார்.

ஒரு வரியில் பதில் சொல்லத் தெரிந்திருந்தால் நான் வட்டாரத்தோடு நின்றிருக்க மாட்டேன். சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றிருப்பேன். என்னிடம் இருப்பது ஒரு பதிவேட்டின் கதைதான். வளவளவென்றுதான் வரும். வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளி என்று ஒன்றை நடத்தினால் அங்கீகாரம் வேண்டும். சமய போதனையை மட்டும் தரும் இடமாக இருந்தால் அந்தச் சட்டம் அங்கே நுழையாது. ஆக, ஓர் இடத்தைப் பார்த்ததும் நான் முதலில் முடிவு செய்ய வேண்டியது இது பள்ளியா, பூஜை அறையா என்பதைத்தான். கேட்க எளிதாக இருக்கிறது. நேரில் போய் நின்றால்தான் சிக்கல் தெரியும்.

மொட்டைக் கடிதம்

என்னை அந்தச் சந்துக்கு வரவழைத்தது ஒரு மொட்டைக் கடிதம். ‘அரசு அனுமதி இல்லாமல் பள்ளி நடக்கிறது. இந்துப் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லித் தருகிறார்கள். கழிப்பறை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. விடியற்காலையிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள்’ என்று எழுதியிருந்தது. நாலும் உண்மை. மொட்டைக் கடிதங்களில் இது அபூர்வம்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நம்பித்தான் ஒரகடம் கூட்டுரோட்டில் ஷேர் ஆட்டோ பிடித்து அவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் கம்பெனி பஸ்கள். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் பெண்கள்.

பெயர் கூப்பிட்டு முடித்துவிட்டு என்னிடம் வந்தவள் எஸ்தர். முப்பத்தைந்து வயது இருக்கும். நாசரேத் பக்கத்துப் பெண். இருபது வயதில் இங்கே வந்து, வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் லைனில் நின்றவள். பிளஸ் டூ படித்திருந்தாள். ஆசிரியப் பயிற்சி என்று எதுவும் இல்லை.

“எத்தனை நாளா பள்ளிக்கூடம் நடத்துறீங்க?” என்று கேட்டேன்.

“நடத்துததெல்லாம் இல்ல மேடம். என்கூட வேலை பாத்தவளுவ, பிள்ளையள எங்க விடன்னு முழிச்சிக்கிட்டு நின்னாளுவ. நான் வச்சிக்கிடுதேன்னு சொல்லி வேலைய விட்டேன். போதகர் ஞாயித்துக்கெழமதான் வருவாவ. மத்த நாளு கூடம் சும்மாத்தான கெடக்குன்னு சாவியக் குடுத்தாவ. பிள்ளையள சும்மா உக்கார வச்சிருக்கதுக்குப் படிச்சுக் குடுப்போமேன்னு பொஸ்தகத்த எடுத்தேன். அவ்வளவுதான்.”

வாசலில் நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் ‘ஓய்வுநாள் பள்ளி’ என்று இருந்தது. சர்ச்சுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு நடத்தும் வேத வகுப்புக்கு அதுதான் பெயர். போதகர் என்றைக்கோ எழுதி மாட்டியது. அந்தச் சந்தில் குடியிருந்த அம்மாக்கள் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்பது, தண்ணீர்க் குடத்தோடு என்னை வேடிக்கை பார்க்க வந்த ஒருத்தி சொல்லித்தான் தெரிந்தது.

“எனுக்கு இன்னிக்கு வீக் ஆஃப் மேடம். அதான் புள்ள வூட்ல கீது. நமக்கு என்னிக்கு ஓய்வோ அன்னிக்குப் புள்ளய அனுப்பக் கூடாது. போர்டுலயே போட்டுக்கீதே.”

எஸ்தரைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்து சிரித்தாள். “அதுவும் நல்லதுதான மேடம். அன்னைக்கு ஒருநாளாவது பிள்ளை அம்மாகூட இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு ஒரு நாள் விடுமுறை. கல்வித் துறையின் நாட்காட்டியில் இதற்கு இடமே கிடையாது.

வராத பிள்ளைக்கு என்ன போடுவீர்கள்?

“பதிவேட்டைக் கொண்டாங்க” என்றேன். எங்கள் இலாகாவில் கொஞ்சம் அதட்டலோடு சொல்ல வேண்டிய வாக்கியம் இது. அதட்டினேன்.

பிரவுன் அட்டை போட்ட நீள நோட்டு. திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கம் பக்கமாக ஆங்கில ‘ஏ’. பவித்ரா என்ற பெயருக்கு நேரே வாரம் முழுக்க ஏ, ஏ, ஏ. நாங்கள் பதிவேட்டில் ஏ போட்டால் ஆப்சென்ட் என்று பொருள்.

“யாரு இந்தப் பவித்ரா? ஒரு வாரமா வரவே இல்லையே?”

இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் பாயிலிருந்து எழுந்து நின்றாள். நாலாம் வகுப்பு. “நான் தெனமும் வந்தேனே மிஸ்” என்றாள். அழுதுவிடுவாள் போல இருந்தது.

“ஐயோ, அது ஆப்சென்ட் இல்ல மேடம். ஏ ஷிப்டு!” என்று எஸ்தர் குறுக்கே வந்தாள். “அம்மா ஏ ஷிப்டுன்னா பிள்ளை அஞ்சரைக்கு வரும். பி ஷிப்டுன்னா மத்தியானம் வரும், பி போடுவேன். ஜெனரல்னா ஜி. கம்பெனில எங்களுக்கு அப்பிடித்தான் போடுவாவ. எனக்குத் தெரிஞ்ச பதிவேடு அதுதான்.”

“அப்போ நிஜமாவே வராத பிள்ளைக்கு என்ன போடுவீங்க?”

“எல்.ஓ.பி.”

வேலைக்கு வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது என்பதற்கான கம்பெனிச் சுருக்கெழுத்து அது. நாலாம் வகுப்புப் பிள்ளைக்குச் சம்பளம் பிடித்த பதிவேட்டை அன்றுதான் கண்டேன். ஆய்வுக்குப் போன இடத்தில் வாய்விட்டுச் சிரித்ததும் அன்றுதான்.

சிரித்து முடித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். ஒரு கழிப்பறை, சுத்தமாகத்தான் இருந்தது. கூரையில் ஒரு விரிசல். தீயணைப்புக்கு ஒரு வாளி மணல்கூடக் கிடையாது. நாலாம் வகுப்பைக் கூப்பிட்டு, மழை எப்படிப் பெய்கிறது என்று கேட்டேன். கார்த்திக், “கர்த்தர் பெய்யப் பண்ணுகிறார்” என்றான். பவித்ரா, “கடல் தண்ணி ஆவியாகி மேல போயி மேகமாயிக் குளிர்ந்து விழும்” என்று கடகடவென்று ஒப்பித்தாள்.

எஸ்தரைத் திரும்பிப் பார்த்தேன்.

“ரெண்டும்தான் மேடம் சொல்லிக் குடுத்திருக்கேன். கணக்குப் போட்டுப் பாருங்க, எல்லாம் நல்லா போடுவாவ.”

போட்டுப் பார்த்தேன். நல்லாவே போட்டார்கள். அதே வட்டாரத்தில் சுற்றுச்சுவரும் கழிப்பறையும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் உள்ள பள்ளிகளில் அந்தக் கணக்குக்கு நான் கண்ட விடைகளை இங்கே எழுத வேண்டாம். அவர்கள் எல்லாரும் எனக்கு வேண்டியவர்கள்.

செருப்பு

இந்த இடத்தில் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதற்கு ஓரிரண்டு வருடம் முன்பு, வேறோர் ஒன்றியத்தில், ஒரு பழைய கோயிலை ஒட்டி நடந்த வேத பாடசாலைக்குப் போயிருந்தேன். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். குடுமி வைத்துக்கொண்டு, வரிசையாக உட்கார்ந்து, ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்க நன்றாக இருந்தது. எத்தனையாம் வகுப்பு என்று எழுத வேண்டும் என்றேன். சொல்லிக்கொடுத்தவர் யோசித்து, “இவன் ரெண்டு வருஷமா இருக்கான், அவன் அஞ்சு வருஷமா இருக்கான்” என்றார். கழிப்பறை எங்கே என்று கேட்டதற்குக் குளத்துப் பக்கம் கை காட்டினார். கணக்குப் பாடம் உண்டா என்று நான் கேட்கவில்லை. மழை எப்படிப் பெய்கிறது என்றும் கேட்கவில்லை. ‘சமய போதனை மட்டும்’ என்று எழுதிவிட்டு, கொடுத்த சுண்டலை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அந்தப் பிள்ளைகளும் பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகள்தான். நாளைக்கு வேறு வேலைக்குப் போக நினைத்தால் அவர்கள் கையிலும் படித்ததற்கான தாள் எதுவும் இருக்காது. அது அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

எஸ்தரின் வாசலில் அந்தச் சோடிச் செருப்புகளைப் பார்த்தபோதுதான் உறைத்தது. பாடசாலையில் தெருவிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தவள், இங்கே செருப்புக் காலோடு பாயின் விளிம்புவரை வந்து நிற்கிறேன். யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. கால் தானாகச் செய்த காரியம். வெட்கமாக இருந்தது.

எங்கள் அலுவலகம் மட்டும் என்ன வாழ்ந்தது? ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் கோப்புகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பொரி வைப்போம். ‘பள்ளி வளாகத்தில் சமய வழிபாடு நடத்துவது குறித்த புகார்கள்’ என்றொரு கோப்பு உண்டு. அதற்கும் பொட்டு வைத்தோம். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

சட்டத்தில் ஒரு சந்து

நோட்டீஸை வெளியே எடுக்காமலே திரும்பி வந்தேன். கொடுத்திருந்தால் மறுநாள் காலை ஐந்தரைக்கு அந்த நாற்பது பிள்ளைகள் எங்கே போவார்கள்? எங்கள் பள்ளிகள் திறக்க ஒன்பது மணியாகும். அதுவரை வாசற்படியில் உட்கார வைக்கலாம் என்று சட்டம் சொல்லவில்லை. உட்கார வைக்காதே என்றும் சொல்லவில்லை.

மூன்று நாள் யோசித்து ஓர் அறிக்கை எழுதினேன். என் பணிக்காலத்தில் அவ்வளவு சாமர்த்தியமாக நான் எதையும் எழுதியதில்லை. அதன் சாரம் இதுதான்:

‘மேற்படி இடத்தில் ஓய்வுநாள் பள்ளி என்ற பெயர்ப் பலகை உள்ளது. சமய போதனை மட்டுமே நடைபெறுகிறது. வாரநாட்களில் பிள்ளைகள் வருவதில்லை. மாணவி பவித்ரா உள்ளிட்டோர் வராத நாட்களுக்குப் பதிவேட்டில் ஏ எனக் குறிக்கப்பட்டுள்ளது. எனவே இதில் கல்வித் துறை செய்ய வேண்டியது ஏதுமில்லை.’

ஆதாரமாகப் பதிவேட்டின் ஒரு பக்கத்தை நகலெடுத்து இணைத்தேன். மேலே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏ என்றால் ஆப்சென்ட் என்பது ஊரறிந்த விஷயம். நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் பூ வாங்கி வைத்துக்கொண்டேன்.

எட்டாவதா, ஒன்பதாவதா?

இடையில் வேறு ஒன்றியத்துக்கு மாற்றல். நாலைந்து வருடம் கழித்துத் திரும்ப இங்கேயே போட்டார்கள். வந்த சில நாளில், ஜூன் மாத வெயிலில், ஓர் அம்மா என் அறைக்குள் வந்தாள். ஹவுஸ் கீப்பிங் ஆட்கள் போடும் நீலக் கோட்டு. இடுப்பில் மூன்று வயதுப் பையன். பக்கத்தில் அவளைவிட உயரமாக ஒரு பெண். இரட்டைப் பின்னலை வைத்துத்தான் எனக்கு அடையாளம் தெரிந்தது. பவித்ரா.

அம்மாவின் பெயர் செல்வி. பிள்ளைப்பாக்கத்துக்காரி. நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு வல்லத்தில் வாடகை அறையில் இருக்கிறாள். கணவர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் சாலையில்.

“ஒண்ணாவதுலேந்து எட்டாவது வரிக்கும் எஸ்தர் அக்காவாண்டதான் மேடம் பட்ச்சிது. இப்போ கவர்மென்ட் ஹை ஸ்கூல்ல ஒம்பதாவது கேட்டா, டீசி எங்க, நம்பர் எங்கன்றாங்கோ. பெரிய ஆபீஸ்ல போயி கேட்டேன். அப்டி ஒரு ஸ்கூலே கெடையாதாம். நீங்கதான் எய்திக் குட்த்துக்கீறீங்களாமே?”

நம்பர் என்றால், மாநிலத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் அரசு கொடுக்கும் எண். அந்த எண் இல்லாத பிள்ளை எங்கள் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை. எட்டாம் வகுப்பு வரை தாள் இல்லாவிட்டாலும் வயதைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்பதுக்குத் தாள் வேண்டும். அதனால் தலைமையாசிரியை, எட்டாவதில் வேண்டுமானால் உட்காரட்டும் என்று சொல்லியிருந்தார்.

எனக்குத் தெரிந்த சுலபமான வழியைச் சொன்னேன். “எட்டாவதுக்குத் தனித்தேர்வு இருக்கும்மா. எழுதிப் பாஸ் பண்ணா சர்ட்டிபிகேட் வரும். ஒரு வருஷம்தான் போகும்.”

“பரீட்சைக்கு அது பயப்படல மேடம். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். என் பொண்ணு டெய்லி போச்சா, இல்லியா? நீங்கோ வந்து கண்ணால பாத்தீங்கோ இல்ல?”

பவித்ரா முன்னால் வந்தாள். கையிலிருந்த பையிலிருந்து பிரவுன் அட்டை போட்ட அந்த நீள நோட்டை எடுத்து என் மேஜையில் விரித்தாள். எஸ்தர் கொடுத்தனுப்பியிருக்கிறாள். தன் பெயருக்கு நேரே விரலை வைத்து, “இதெல்லாம் அம்மா ஏ ஷிப்டு மேடம்” என்றாள். நாலாம் வகுப்பில் அழப்போன குரல் இல்லை அது.

பேச்சை மாற்றவோ என்னவோ, ரொம்ப நாளாக மனதில் இருந்த ஒன்றைச் செல்வியிடம் கேட்டேன். “அங்க ஜெபம் எல்லாம் சொல்லித் தர்றாங்களே, உங்களுக்கு அது பரவாயில்லையா?”

“அம்மன் கோயிலுக்கும் போவுது, அங்க ஸ்தோத்திரமும் சொல்லுது. சாமி விஷயம் நாங்கோ பாத்துக்கறோம் மேடம். நீங்கோ சர்ட்டிபிகேட்ட பாருங்கோ.”

மதமும் அரசாங்கமும் எங்கே பிரிய வேண்டும் என்று எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை.

ஆனால் அந்தச் சர்ட்டிபிகேட்டைப் பார்ப்பதென்றால் என்ன பொருள் என்பது எனக்குத்தான் தெரியும். பவித்ரா தினமும் வந்தாள் என்று நான் எழுத வேண்டும். எழுதினால், அங்கே தினமும் பள்ளி நடந்தது என்று ஆகும். பள்ளி என்று ஆன மறுநிமிடம் அது அங்கீகாரம் இல்லாத பள்ளி. அதை மூடியாக வேண்டும்.

மறைக்காமல் சொன்னேன். “நான் எழுதினா அந்த இடத்தை மூடிடுவாங்கம்மா. இவனை எங்க விடுறீங்க இப்போ?”

“அங்கதான்.” செல்வி இடுப்பிலிருந்த பையனைப் பார்த்தாள். நழுவியவனை ஏற்றிப் பிடித்துக்கொண்டாள். பிறகு, “அத்த அப்பால பாத்துக்கலாம் மேடம். இது பட்ச்சது பட்ச்சதாவே இருக்கட்டும்” என்றாள்.

எஸ்தர் கேட்டது

எழுதுவதற்கு முன் எஸ்தரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று போனேன். இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனேன். அவள் கவனித்தாளா என்று தெரியாது.

கூரை விரிசலில் தார்ச் சீலை ஒட்டியிருந்தாள். பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியிருந்தது. முன்பு நான் எழுதிய அறிக்கையையும், இப்போது எழுதப்போவதையும் சொன்னேன். முன்னதை அவள் அதுவரை அறிந்திருக்கவில்லை.

“வாரநாள்ல பிள்ளையள் வரல்லன்னா எழுதுனிய?”

“உங்களைக் காப்பாத்தத்தான்…”

“நெசந்தான் மேடம், நல்லதுக்குத்தான் எழுதிருப்பிய.” அவள் குரலில் கோபம் இல்லை. “ஆனா நாப்பது பிள்ளையள் விடியக்காலம் தூக்கத்துலருந்து எந்திரிச்சு வந்திருக்கு. வரல்லன்னு ஒரு தாள்ல இருக்குன்னு இப்பந்தான் தெரியுது. எழுதுங்க. வந்தாவன்னு எழுதிருங்க.”

அங்கீகாரம் வாங்க முயற்சி செய்யுங்கள் என்று சொல்லி, வேண்டிய சான்றுகளின் பட்டியலைக் கொடுத்தேன். கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரம், நிலம், பயிற்சி பெற்ற ஆசிரியர்கள். எஸ்தர் நின்றுகொண்டே படித்தாள். மடித்துத் திரும்ப என் கையில் கொடுத்தாள்.

அந்தப் பட்டியலில் எதுவும் தவறு என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். கூரை விழுந்தால் எந்தச் சாமியைக் கும்பிடும் தலை என்று பார்த்து விழாது. என் பிள்ளையை அந்தக் கூரைக்கு அடியில் விடுவேனா என்றால், விட மாட்டேன். அரசாங்கம் தலையிடத்தான் வேண்டும், பாடசாலைக்கும்தான். வாசகர் கேட்ட ஒரு வரி இதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவ்வளவு நீளப் பட்டியலில், கதவை எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்று கேட்கும் ஒரு வரி இல்லை. கதவைத் திறக்க ஆள் இல்லாத பிள்ளைக்கு யார் பொறுப்பு என்றும் இல்லை.

எழுதினேன். ‘முந்தைய அறிக்கையில் ஏ என்ற குறியீடு தவறாகப் பொருள் கொள்ளப்பட்டுள்ளது. அது வருகையையே குறிக்கும்’ என்று என் கையெழுத்தில், என் மீதே. விளக்கம் கேட்டு எனக்கு ஒரு மெமோ வந்தது. மேலே மனது வைத்தார்கள். பவித்ராவுக்கு ஒரு தேர்வு வைத்து ஒன்பதாவதில் சேர்த்துக்கொண்டார்கள். எண்ணும் கிடைத்தது. தேர்வுத் தாளைத் திருத்திய ஆசிரியை, கணக்கில் முழு மதிப்பெண் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் என்னவோ சொல்லிக் கொடுத்த மாதிரி.

அதே மாதம் ஜெபக்கூடத்துக்கு ஆணை போயிற்று. பிள்ளைகளை அருகிலுள்ள பள்ளிகளில் பிரித்துச் சேர்த்தோம். பாயைச் சுருட்டி வைத்துவிட்டு எஸ்தர் பழைய மாதிரி லைனுக்குப் போய்விட்டாள். ஏ ஷிப்ட் என்று கேள்விப்பட்டேன்.

பயிற்சி வகுப்பு நடந்த பள்ளி

ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு தேர்தல் பயிற்சி வகுப்புக்காக அந்த அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் போயிருந்தேன். டீ இடைவேளையில் தலைமையாசிரியையிடம் பவித்ரா எப்படிப் படிக்கிறாள் என்று விசாரித்தேன்.

“நல்ல பொண்ணு மேடம். வந்தா கிளாஸ்ல முதல் ஆளு. ஆனா வந்தாத்தானே? சில வாரம் ஒழுங்கா வர்றா. சில வாரம் முழுக்க ஆளையே காணோம். கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறா. இப்படியே போனா பத்தாவது பரீட்சைக்கு உட்கார வருகை நாள் பத்தாது.”

பதிவேட்டை வரவழைத்துக் காட்டினார். அச்சடித்த கட்டம், நல்ல காகிதம், துறையின் முத்திரை. பவித்ராவின் பெயருக்கு நேரே விரலை ஓட்டினேன். ஒரு வாரம் டிக். அடுத்த வாரமும் டிக். அதற்கடுத்த வாரம் ஏ, ஏ, ஏ, ஏ, ஏ. மறுபடி இரண்டு வாரம் டிக். மறுபடி ஏ.

எனக்கு அந்த வரிசை தெரியும். அதை நான் வேறொரு நோட்டில் பார்த்திருக்கிறேன். செல்வி காலையில் போகும் வாரங்களில் சின்னவனை வைத்துக்கொள்ள வீட்டில் வேறு யாரும் இல்லை. அங்கன்வாடி திறக்கும் நேரமும் இந்தப் பள்ளியின் முதல் மணி அடிக்கும் நேரமும் ஒன்று. நடுவில் நடக்க வேண்டிய தூரம் அதிகம். மத்தியானத்தில் போய் அவனைக் கூட்டி வரவும் ஆள் வேண்டும்.

“ஏ ஷிப்டு” என்றேன்.

“என்ன மேடம்?” என்றார் தலைமையாசிரியை. அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். பாவம்தான் என்றார். பேனா மூடியைத் திருகிக்கொண்டே, வராத பிள்ளைக்கு வேறு என்ன போடுவது என்று கேட்டார். பதிவேட்டை மூடித் திருப்பிக் கொடுத்தேன்.

திரும்பும்போது ஆட்டோவை அந்தச் சந்துப் பக்கம் விடச் சொன்னேன். வாரநாள். ஜெபக்கூடம் பூட்டியிருந்தது. வாசலில் ஒரு செருப்பும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதகர் வந்து திறக்கிறார், பிள்ளைகளுக்குப் பாட்டும் வசனமும் சொல்லிக் கொடுக்கிறார் என்று பெட்டிக்கடைக்காரர் சொன்னார். நீலப் பலகை அப்படியே இருந்தது. ஓய்வுநாள் பள்ளி.

ஆட்டோவில் உட்கார்ந்தபடி, வருடங்களுக்கு முன் நான் எழுதிய அந்தப் பொய் அறிக்கையை மனதுக்குள் வரி வரியாக ஓட்டிப் பார்த்தேன். பெயர்ப் பலகை உள்ளது. சமய போதனை மட்டுமே நடைபெறுகிறது. வாரநாட்களில் பிள்ளைகள் வருவதில்லை. மாணவி பவித்ரா வராத நாட்களுக்கு ஏ எனக் குறிக்கப்பட்டுள்ளது. எல்லாமே உண்மையாகிவிட்டது.

கல்வித் துறை செய்ய வேண்டியது ஏதுமில்லை என்று முடித்திருந்தேனே, அந்தக் கடைசி வரி ஒன்றுதான் இன்னும் பொய்யாக இருக்கிறது.